கிளி, கிழி

காலையில் ஐம்பது சொல், மதியம் ஐம்பது சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் "எழுதுங்கள்" என்று ஒரு தரம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். அப்புறம் அடுத்த சொல். குரல் கூடக் கூடாது, குறையவும் கூடாது. நடுவில் இருமல் வந்தால் அந்தச் சொல் செல்லாது, திரும்பச் சொல்ல வேண்டும். மேலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பின்னறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் பதினைந்து நாள் இப்படி உட்கார்ந்திருந்தேன். ஃபேன் ஓடினால் அந்த இரைச்சலும் டெலிபோனுக்குள் போய்விடுமாம். நான் வெந்து போனால் பரவாயில்லையாம்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் மதுரையில் டிரங்க் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் நம்பரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். நாங்கள் ஊர் ஊராகக் கூப்பிட்டு லைன் பிடித்துக் கொடுப்போம். ஹெட்போன் அழுத்தி அழுத்தி இடது காதுக்குப் பின்னால் தோல் காய்த்துப் போயிருந்தது. வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் "ஹலோ, மதுரை" என்று சொல்லத் தோன்றும். பதினாறு வருஷம் அந்த வேலையில் எனக்கென்று மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான். அது மட்டும் களைக்கவில்லை. "கணீர்னு இருக்கும்மா ஒங்க கொரலு" என்று முகம் தெரியாதவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் என்னைப் பிடித்தார்கள். மேலதிகாரி கூப்பிட்டு, "டெல்லிப் பக்கமிருந்து ஆளுக வந்துருக்காக. ஒரு ஸ்டாண்டர்டு எளுதுறாகளாம். அதுக்கு ஒரு குரல் வேணுமாம், நீங்க மேலூருக்குப் போங்க" என்றார். பக்கத்துச் சுவிட்ச் பலகையில் இருந்தவள் காதில் அது விழுந்துவிட்டது. "எத்தனாவது ஸ்டாண்டர்டுடி? பத்துக்கு மேலன்னா நம்மளால ஆகாது, சொல்லிப்புடு" என்றாள். அன்று முழுக்க எல்லோரும் என்னைப் பார்த்து எத்தனாவது ஸ்டாண்டர்டு, எத்தனாவது ஸ்டாண்டர்டு என்று கேட்டுச் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். கம்பம் நட்டுக் கம்பி இழுக்க முடியாத கிராமங்களுக்கு, ரேடியோ வழியாகப் பேசுகிற டெலிபோன் வரப்போகிறது. கம்பியில்லா டெலிபோன். யார் அந்தப் பெட்டியைச் செய்தாலும் இன்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று நாட்டுக்கே ஒரு விதிப்புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு சூடு தாங்க வேண்டும், எவ்வளவு தூரம் எட்ட வேண்டும், பேசினால் ஐம்பது சொல்லில் எத்தனை விளங்க வேண்டும் என்றெல்லாம் அதில் வரும். கடைசி வரிக்கு மட்டும் மீட்டர் கிடையாது. ஒரு வாயும் ஒரு காதும் வேண்டும். வாய் நான். காது, கொட்டாம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமத்துப் போஸ்ட்மாஸ்டர்.

போஸ்ட்மாஸ்டர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம். காலனியில் அவருடைய வீட்டின் முன்னறைதான் தபாலாபீஸ். ஒரு மேஜை, ஒரு முத்திரைக் கட்டை. வரைபடத்தைப் பார்த்த பெரிய இன்ஜினியர், காலனி இருப்பது மேட்டில், தபாலாபீஸும் அங்கேயே இருக்கிறது என்று அந்த வீட்டுக் கூரைமேல் கம்பம் நட்டு ஏரியலைக் கட்டிவிட்டார். அவர் வடக்கத்திக்காரர், ஊர் எது காலனி எது என்று அவருக்குத் தெரியாது. மேலூர் எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசருக்குத் தெரியும். "இருந்திருந்து தாலுகாவுல மொத கம்பியில்லா போனைக் கொண்டு போயி காலனில வச்சிருக்கானுக பாருங்க" என்று என்னிடம் முதல் நாளே சலித்துக்கொண்டார். எனக்கு மதுரை பஸ்ஸைப் பிடிக்கிற கவலை.

முதல் நாள் ஐம்பது சொல்லையும் வாசித்து முடித்ததும் ரிசீவரில் போஸ்ட்மாஸ்டரின் குரல் வந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமுங்களா? இந்தப் பெட்டி இங்கயே இருக்குமா, இல்ல பரீட்சை முடிஞ்சதும் கழட்டிக்கிட்டுப் போயிருவாகளா?"

"பாசானா இருக்கும். பெயிலானா களட்டிருவாக" என்றேன்.

"இங்கன கல்குவாரி இருக்குக்கா. போன வருசம் எங்க அண்ணன் கால்ல கல்லு விழுந்துருச்சு. கொட்டாம்பட்டிக்குச் சைக்கிள்ல போயி போன் போட்டு, வண்டி வாரதுக்குள்ள பொழுது சாஞ்சு போச்சு. உசுரு இருக்கு, காலு இல்ல. நம்ம காலனில பாதிப் பேரு அங்கதான் வேலைக்குப் போறாக. அதான் கேட்டேன்."

"நீங்க ஒளுங்கா எளுதுனா பாசாயிரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் நாக்கை மடக்கி மடக்கிப் பேசுவது எனக்கு அலட்டலாகப் பட்டது.

சொற்பட்டியலை யாரோ தமிழ்ப் பேராசிரியர் போட்டுக் கொடுத்திருந்தார். நல்ல மனுஷன், தமிழை அம்புட்டையும் ஐம்பது சொல்லில் அடைத்துவிட்டார். கிளி இருக்கும், கிழி இருக்கும். குளி இருக்கும், குழி இருக்கும். ஒளி, ஒழி, வாளை, வாழை, உளவு, உழவு. ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல இருக்கிற சொற்களைப் பிரித்துக் கேட்க முடிந்தால்தான் டெலிபோன் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். வரிசையை ஒவ்வொரு தடவையும் கலைத்து மாற்றித் தருவார்கள். கேட்பவர் யோசித்து எழுதக் கூடாது, ஊகிக்கக் கூடாது, காதில் விழுந்ததை விழுந்தபடி எழுத வேண்டும். இது சட்டம். ஐம்பதுக்கு நாற்பத்தைந்து சரியானால் பாஸ்.

போஸ்ட்மாஸ்டர் எழுதிய தாள் மறுநாள் காலைத் தபால் பையில் மேலூருக்கு வரும். சின்ன இன்ஜினியர் அதை என் பட்டியலோடு ஒட்ட வைத்துத் திருத்துவார். அவர் பிறப்பால் தமிழர், ஆனால் வடக்கே வளர்ந்தவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கோலத்துக்குக் கோலம் ஒப்பிடுவது மாதிரி இந்த எழுத்தையும் அந்த எழுத்தையும் விரல் வைத்துப் பார்த்துக் கடைசிக் கட்டத்தில் பெருக்கல் குறி போடுவார். அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு 'பிழை'.

முதல் நாள் முப்பத்தெட்டு.

ஏரியலைக் கொஞ்சம் திருப்பினார்கள். முப்பத்தெட்டு. கம்பத்தை உயர்த்தினார்கள். முப்பத்தெட்டு. பேட்டரியை மாற்றினார்கள், மேலூர் மாடியிலிருந்து இறங்கும் கேபிளை மாற்றினார்கள், மெட்ராஸிலிருந்து புதுப் பெட்டியே ஒன்று வரவழைத்து மாட்டினார்கள். மந்திரித்து வைத்தாற்போல அதே முப்பத்தெட்டு. பெரிய இன்ஜினியர் தினமும் சாயங்காலம் வேர்க்க வேர்க்க அந்தத் தாளைப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ முனகுவார். நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். கே.கே. நகரில் வீடு போய்ச் சேரும்போது என் தொண்டையில் சொல்லே மிச்சமிருக்காது. "காப்பி" என்பதைக் கையால்தான் காட்டுவேன்.

பத்தாம் நாள் சின்ன இன்ஜினியர் ஒன்று கண்டுபிடித்தார். பிழை எல்லாம் ஒரே எழுத்தில்தான் வருகிறது. ழ இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தாளில் ள இருக்கிறது, பன்னிரண்டு சொல்லிலும்.

"எனக்கு மொதல்லயே தெரியும் சார்" என்றார் சூப்பர்வைசர். "அவனுகளுக்கு எளுத்து எங்க வரும்? ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம். எளுதத் தெரியாதவன வச்சுக்கிட்டு நாம டெலிபோனைக் கோளாறுங்குறோம்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் பட்டது. பத்து நாள் வெக்கை, பத்து நாள் பஸ், ஆயிரம் சொல். அத்தனையும் ஒரு ஆளுக்கு எழுத்து தெரியாததால் வீணாய்ப் போனதே என்று எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறிவிட்டது. மதியம் ரிசீவரை எடுத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் தம்பி, பள்ளிக்கூடத்துக்குப் போனீகளா, இல்ல பக்கத்துல நின்னு பாத்தீகளா? எந்த ளனா எங்க வரும்னு தெரியாதா ஒங்களுக்கு?"

"கேட்டத எழுதுறேன்க்கா."

"கேக்குறதுக்கும் ஒரு படிப்பு வேணும்" என்றேன்.

"சரிங்கக்கா" என்றார்.

மறுநாள் பெரிய இன்ஜினியர் பரீட்சையைத் திருப்பிப் போடச் சொன்னார். இப்போது போஸ்ட்மாஸ்டர் வாசிக்க வேண்டும், நான் கேட்டு எழுத வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "எழுதுங்கள்" என்றது ரிசீவர். "கிழி."

என் கை நின்றுவிட்டது. அந்த ஓசை காதுக்குள் அவ்வளவு சுத்தமாக வந்து இறங்கியது. நாக்கு மேலே போய் மடங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது. "எழுதுங்கள். கிளி." இது வேறு. முழுக்க வேறு. ஐம்பது சொல்லையும் எழுதினேன். ஐம்பதும் சரி. சின்ன இன்ஜினியருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அங்கிருந்து இங்கே வந்தால் நூற்றுக்கு நூறு, இங்கிருந்து அங்கே போனால் முப்பத்தெட்டு, எப்படி மேடம் என்று என்னையே கேட்டார்.

எப்படி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்கிற கிளியும் கிழியும் ஒன்றுதான். செக்கானூரணிப் பக்கத்துக் கம்மாய்க் கரையில் பேசக் கற்ற வாய் இது. மழை எங்களுக்கு மளை, பழம் பளம், வழி வளி. எழுதும்போது ழ தானாக வரும். இதோ இப்போதும் வருகிறது. வாயில் மட்டும் வராது. அப்பா, அம்மா, அண்ணன், தெரு, பள்ளிக்கூடம், எக்ஸ்சேஞ்ச் என்று எல்லோரும் அப்படியே பேசியதால் வரவில்லை என்பதே எனக்குத் தெரியாது. பிழை என்ற சொல்லையே பிழையில்லாமல் சொல்ல வராதவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பியில்லா டெலிபோன் ஒரு குறையும் இல்லாமல் என் குறையை அப்படியே கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறது.

அன்றைக்கு அவரிடம் கேட்டேன், "எங்க தம்பி படிச்சீக?" என்று.

"மேலூர் ஆஸ்டல்லக்கா. தமிழ் வாத்தியாரு நாக்க மடக்கலேன்னா சோத்துத் தட்ட மடக்கிருவேன்னு சொல்லுவாரு" என்று சிரித்தார். முந்தின நாள் நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் வீட்டில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வாளைப்பளம்" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "வாழைப்பழம்மா. நீ எப்பவுமே இப்டித்தான சொல்லுவ" என்றாள். புதிதாய்ச் சொல்ல அதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி மறுபடி குனிந்துகொண்டாள். வீட்டுக்காரரைச் சொல்லச் சொன்னேன். அவரும் வாளைப்பளம்தான். "ஏன், தின்னா ஒரே ருசிதான?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படியில் நின்று சோறு கொதிக்கிற நேரமெல்லாம் நாக்கை மடக்கி மடக்கிப் பார்த்தேன். நாக்கு வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? மடக்கிப் பேசினேன். யாருக்கும் தெரியாமல் திருத்திக்கொண்டுவிடலாம் என்று நினைத்தேன். பழகாத நாக்கு ஒரு தடவை மடங்கினால் அப்புறம் நிமிரவே மாட்டேன் என்கிறது. கிழியைக் கிழி என்றேன், கிளியையும் கிழி என்றேன். குளி குழியானது, உளவு உழவானது. அவர் கேட்டதை எழுதினார். அன்றைக்கு முப்பத்தொன்று.

பெரிய இன்ஜினியருக்குப் பொறுமை போய்விட்டது. நேற்று வரைக்கும் எல்லாம் ள, இன்றைக்கு எல்லாம் ழ, இந்த ஆள் தோன்றியதை எழுதுகிறார் அல்லது பெட்டி கெட்டது, இரண்டில் ஒன்று என்றார். பெட்டி கெட்டதென்றால் வெள்ளிக்கிழமை கழற்றி வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட வேண்டும், அங்கே சோதனைக்கு இடம் தயாராக இருக்கிறது. புதன்கிழமை மதியம் போஸ்ட்மாஸ்டரை மேலூருக்கு வரச் சொன்னார்கள்.

அப்போதுதான் அவரை முதல் முறை பார்த்தேன். முப்பது வயதிருக்கும். வெளுத்த சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. கொட்டாம்பட்டி வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து பஸ் என்று வந்ததில் முகமெல்லாம் புழுதி. உள்ளே வந்தவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அறையில் ஒரு நாற்காலி சும்மா இருந்தது, அதில் என் கைப்பை இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

சின்ன இன்ஜினியர் கேட்டார். "உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குச் சரியாக் கேட்டுச்சா, இல்லையா? சரியாக் கேட்டும் இப்படி எழுதினீங்கன்னா தப்பு உங்க மேல. கேட்கலைன்னா தப்பு பெட்டி மேல, பெட்டியைக் கழட்டிடுவாங்க."

போஸ்ட்மாஸ்டர் என்னை ஒரு தரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. அவசரப்பட்டு லைன் கேட்பவர்கள் குரலில் இருக்குமே, அந்தத் தவிப்புதான் அவர் கண்ணில் இருந்தது. அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பெட்டி நல்லாத்தானுங்க இருக்கு. எனக்குத்தான் காது கொஞ்சம் மந்தம். எழுத்தும் அவ்வளவா வராது. என்னைய மாத்துங்க சார், பெட்டிய மாத்திராதீக."

"நான் சொல்லல?" என்றார் சூப்பர்வைசர்.

ஒரு தாளில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நின்றுகொண்டே, குனிந்து, மேஜை ஓரத்தில் வைத்து எழுதினார். எழுத்து வராது என்று முத்து முத்தாக எழுதினார். எனக்கு வாய் திறந்தது. "சார்" என்று கூடச் சொன்னேன். என்ன என்று எல்லோரும் திரும்பினார்கள். பதினாறு வருஷக் குரல், கணீர்க் குரல், பட்டணத்து இன்ஜினியர்கள் தேடி வந்த குரல். "ஃபேனைப் போட்டுக்கிறலாமா?" என்று கேட்டேன்.

அவர் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருச்சி பஸ் நிற்கிற இடத்தில் நிழலுக்கு ஒதுங்கி நின்றிருந்தார்.

"ஏன் தம்பி அப்புடிச் சொன்னீக?"

"வேற என்னத்தச் சொல்லக்கா?"

"என் வாயில வரலங்குறது ஒங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"சொல்லிருக்கலாம்ல?"

அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "நாஞ் சொல்லி, ஒங்க வாயில குத்தம்னு யாருக்கா நம்புவா?" பஸ் வந்துவிட்டது. "அண்ணே, நிப்பாட்டுங்க" என்று கண்டக்டரிடம் கத்திக்கொண்டே ஓடிப் போய் ஏறினார். "வாரேன்க்கா" என்று படியிலிருந்து தலையாட்டினார்.

சொல்லிவிடுவது என்று திரும்பி நடந்தேன். நடக்கும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். சார், அவருக்கு ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் அந்த எழுத்து வராது. இவ்வளவுதான். பின்னறைக்குப் போனால் சின்ன இன்ஜினியர் பக்கத்தில் சூப்பர்வைசரும் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் முன்னால் என் வாக்கியம் பாதியில் திரும்பிக்கொண்டது.

"சார், இந்த ரெண்டு எளுத்தையும் எங்க பக்கத்துல யாரும் பிரிச்சுக் கேக்க மாட்டாக. எங்க ஊருக் காதே அப்புடி. ஆள மாத்தினாலும் முப்பத்தெட்டுதான் வரும். அந்தப் பன்னெண்டையும் எடுத்துட்டு வேற சொல்லு போடுங்க" என்றேன்.

"ஆனா நீங்க மட்டும் ஐம்பதும் சரியா எழுதினீங்களே மேடம்?"

"நான் டிரங்க் ஆபரேட்டர் சார். பளகுன காது" என்றேன்.

ஒரு பொய்யை நிறுத்த இன்னொரு பொய், அதிலும் ஒரு பீற்றல்! சின்ன இன்ஜினியர் மெச்சிக்கொண்டார். குறிப்பேட்டில் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். இந்த வட்டாரத்துக் கேட்போர் இவ்விரு ஓசைகளையும் வேறுபடுத்தி அறிவதில்லை, ஆகவே அச்சொற்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன என்று. பிற்பாடு அச்சடித்து வந்த விதிப்புத்தகத்தின் தமிழ்ப் பட்டியலில் ழ கிடையாது. அந்த ஒரு எழுத்தை நாட்டின் விதியிலிருந்து எடுத்தவள் நான். வாயைக் காப்பாற்றிக்கொள்ள ஊருக் காதையெல்லாம் செவிடாக்கினேன்.

வெள்ளிக்கிழமை புதுப் பட்டியலோடு உட்கார்ந்தேன். எதிர்முனையில் புதுக் குரல். பின்னால் ரேடியோவில் பாட்டு, மாட்டுக் கழுத்து மணி.

"யாருங்க? தபாலாபீஸா?"

"தபாலாபீஸ் இல்ல மேடம். ஊர்த்தலைவர் வீடு. நான் அவரு மருமகன், பி.ஏ. காது கேக்காத ஆளுகிட்ட பொது டெலிபோனைக் குடுத்து வைக்க முடியாதுன்னு நேத்தே கம்பத்தோட இங்க மாத்திட்டாக."

அதை நான் நினைக்கவே இல்லை. பெட்டி இருந்தால் அவர் வீட்டில்தானே இருக்கும் என்று இருந்துவிட்டேன். சூப்பர்வைசர் நினைத்திருக்கிறார். பெரிய இன்ஜினியர் கையைத் தூக்கினார், ஆரம்பிக்கலாம் என்று. ஆரம்பித்தேன். எழுதுங்கள், எழுதுங்கள் என்று ஐம்பது தரம் சொன்னேன். நாற்பத்தெட்டு வந்தது. கைதட்டினார்கள். மதுரை நாகப்பட்டினம் கடை அல்வா என்று சொல்லி ஏதோ ஒரு அல்வாவைக் கையில் வைத்தார்கள். அதைப் பொட்டலத் தாளோடு கைப்பையில் போட்டுக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன். கைப்பையில் எண்ணெய்க் கறை போகவே இல்லை.

அப்புறம் வழக்கம்போல வேலை. ஹெட்போன், பலகை, ஹலோ மதுரை. மேலூர் என்று விளக்கு எரிந்தாலே கை ஒரு நொடி தயங்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, எல்லாம் பாஸாகிவிட்டதே. விருப்பப்படி பகல் ஷிப்ட் கூடக் கொடுத்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மதியம் மேலூர் விளக்கு எரிந்தது. "மதுரை, அர்ஜென்ட் கால். இங்க ஆஸ்பத்திரி வண்டி ரிப்பேரு. பெரியாஸ்பத்திரி வண்டி வேணுமாம், பேசுற பார்ட்டி லைன்ல இருக்காரு" என்றாள் மேலூர்க்காரி.

"அக்கா, குவாரியில கல்லு சரிஞ்சு ஒரு ஆளு மாட்டிக்கிட்டாரு. வெளிய எடுத்துட்டோம், இடுப்புக்குக் கீழ அடி" என்றது அந்தக் குரல். யாரென்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி லைனைப் பிடித்தேன். வழி கேட்டார்கள். அவர் சொன்னார்: "கொட்டாம்பட்டி தாண்டி, வாழைத்தோப்பு வழியா, ரெண்டாவது மடை." மழை இரைச்சலில் ஆஸ்பத்திரிக்காரருக்கு அவர் குரல் எட்டவில்லை. நான் நடுவில் நின்று திருப்பிச் சொன்னேன். "கொட்டாம்பட்டி தாண்டி, வாளைத்தோப்பு வளியா, ரெண்டாவது மடை."

"வாளைத்தோப்பு வளி. சரிம்மா" என்று ஆஸ்பத்திரிக்காரர் எழுதிக்கொண்டார். ஒரு சந்தேகமும் அவருக்கு வரவில்லை. டிரைவருக்கும் வந்திருக்காது. வண்டி நேரே போய்ச் சேர்ந்தது, அந்த ஆள் பிழைத்துக்கொண்டார் என்று மேலூர்க்காரி மறுநாள் சொன்னாள்.

ஆஸ்பத்திரி லைனைத் துண்டித்த பிறகும் போஸ்ட்மாஸ்டர் லைனில் இருந்தார். மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"வண்டி கெளம்பிருச்சு தம்பி. எங்கருந்து பேசுறீக?"

"தலைவர் வீட்டுலருந்துதான்க்கா. உள்ள இல்ல. ஜன்னலுக்கு வெளிய நின்னா ரிசீவரக் கம்பிக்கு ஊடால குடுப்பாக. ஒயரு எட்டுது."

"நனையிறீகளா?"

"லேசா."

பலகையில் நாலைந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் எதையும் எடுக்கவில்லை. "தம்பி, அன்னைக்கு நான்…" என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. களைக்காத குரல் என்று சொன்னேனே, அது.

"அக்கா, அங்க நல்லாக் கேக்குதா?"

"கேக்குது."

"எனக்கும் நல்லாக் கேக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு, ரிசீவரை ஜன்னலுக்குள் கொடுத்துவிட்டார்.